கட்டுமானக் கருவியின் ஊடாடு ஷெல்

கட்டுமானக் கருவியின் ஊடாடு ஷெல் என்பது, ஒரு மென்பொருள் திட்டத்தைத் தொகுத்து உருவாக்கும் கருவியின் வழியாகவே தொடங்கப்படும் நிரல்மொழி உரையாடல் முகப்பு ஆகும். நிரலர் ஒரு வரியைத் தட்டச்சிட்டவுடன் அது மதிப்பிடப்பட்டு, விடை திரையில் தோன்றும். தனியாக நிறுவப்பட்ட மொழி ஷெல்லிலும் இதுவே நடக்கிறது. ஆனால் தனி ஷெல்லுக்கு மொழியும் அதன் அடிப்படை நிரலகங்களும் மட்டுமே தெரியும். கட்டுமானக் கருவியின் வழியாகத் தொடங்கிய ஷெல்லுக்கு, அத்திட்டத்தின் சொந்த வகுப்புகளும், திட்டம் சார்ந்திருக்கும் நிரலகங்களும், அவற்றின் குறிப்பிட்ட பதிப்புகளும் தெரிந்திருக்கும்.

ஸ்காலா மொழிக்கான எஸ்பிடி, குளோஜர் மொழிக்கான லைனிங்கன், ஹாஸ்கெல் மொழிக்கான கேபல் ஆகிய கருவிகளில் இவ்வசதி உள்ளமைந்தே கிடைக்கிறது. ஜாவா உலகில் பெரிதும் பயன்படும் மேவன், கிரேடில் ஆகியவற்றில் செருகுநிரல் மூலமாகவோ, கட்டுமானக் கோப்பில் சில வரிகள் எழுதியோ இதனைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு சேர்ப்பது பார்வைக்குத் தோன்றுமளவு எளிதன்று. அதற்கான காரணங்கள் ஜாவா மெய்நிகர் இயந்திரத்தைச் சார்ந்த மொழிகளில் தெளிவாக வெளிப்படுவதால், இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் அங்கிருந்தே தரப்படுகின்றன.

பின்னணி

ஊடாடு ஷெல்லின் அடிப்படை, வாசித்தல், மதிப்பிடுதல், அச்சிடுதல் என்னும் மூன்று செயல்கள் திரும்பத் திரும்ப நிகழும் சுற்று ஆகும். ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு இதனை ரெப்ல் என்று அழைப்பர். இக்கருத்து லிஸ்ப் மொழியில் தோன்றியது. பிடிபி-1 கணினிக்கு எழுதப்பட்ட லிஸ்ப் செயலாக்கத்தைப் பற்றிய 1964 ஆம் ஆண்டு ஆவணத்திலேயே இச்சுற்று காணப்படுகிறது. பின்னர் பேசிக், சுமால்டாக், பைத்தான், ரூபி எனப் பல மொழிகள் இதனை ஏற்றுக்கொண்டன.

கட்டுமானக் கருவிகளின் வரலாறு வேறு வழியில் வந்தது. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் மேக் என்ற கருவியை எழுதினார். எந்தக் கோப்பு மாறினால் எவற்றை மீண்டும் தொகுக்க வேண்டும் என்பதை அறிவதே அதன் வேலை. 2000 ஆம் ஆண்டு ஆன்ட் ஒரு தனிக் கருவியாக வெளிவந்தது. 2004 இல் மேவனின் 1.0 பதிப்பு வந்தது. மேவனுடன் ஒரு முக்கிய மாற்றம் பரவலானது. திட்டத்திற்குத் தேவையான வெளி நிரலகங்களை இணையத்திலிருந்து இறக்கி, அவை சார்ந்திருக்கும் பிற நிரலகங்களையும் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு என்று முடிவு செய்யும் பொறுப்பும் கட்டுமானக் கருவியிடம் வந்து சேர்ந்தது.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. ஒரு நிரல் இயங்குவதற்கு என்னென்ன வேண்டும் என்ற முழு விவரமும் இப்போது நிரலருக்கே மனப்பாடமாகத் தெரியாது. நடுத்தர அளவுள்ள ஒரு ஜாவாத் திட்டம் நேரடியாகப் பத்து நிரலகங்களைக் கேட்டிருந்தாலும், அவற்றின் வழியாக வந்து சேர்பவை நூற்றைத் தாண்டுவது வழக்கம். அந்தப் பட்டியல் கட்டுமானக் கருவியின் கையில் இருக்கிறது. ஷெல்லும் அக்கருவியும் சந்திக்க வேண்டிய தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

வகுப்புத் தடம்

ஜாவா மெய்நிகர் இயந்திரம் ஒரு வகுப்பைத் தேடும் அடைவுகள், ஜார் கோப்புகள் ஆகியவற்றின் வரிசை வகுப்புத் தடம் எனப்படும். ஜாவா நிரலர்கள் இதனைக் கிளாஸ்பாத் என்றே வழங்குவர். வரிசை முக்கியம். ஒரே பெயருள்ள வகுப்பு இரண்டு ஜார் கோப்புகளில் இருந்தால், முதலில் வருவதே எடுத்துக்கொள்ளப்படும்.

ஷெல்லைச் சேர்ப்பவர் பலர் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஷெல்லுக்கு இரண்டு வகுப்புத் தடங்கள் உள்ளன. ஷெல் என்ற நிரலே இயங்குவதற்கு ஒரு தடம் வேண்டும். பயனர் தட்டச்சிடும் வரியை அங்கேயே தொகுக்கும் தொகுப்பி, பெயர்களைத் தேடுவதற்கு மற்றொரு தடம் வேண்டும். ஸ்காலாவின் ஷெல்லை ஒரு சாதாரண ஜாவா நிரல் போலத் தொடங்கினால், எல்லா ஜார் கோப்புகளையும் சரியாகக் கொடுத்திருந்த போதிலும், ஸ்காலாவின் அடிப்படைப் பொருளையே காணவில்லை என்று கூறித் தொகுப்பி நின்றுவிடும். இயந்திரத்தின் தடத்தையே தொகுப்பியும் பயன்படுத்த வேண்டும் என்று கூறும் "யூஸ்ஜாவாசிபி" என்ற தெரிவைச் சேர்த்தால் இது தீரும். பிழைச் செய்தியைப் பார்த்து இத்தீர்வை ஊகிப்பது கடினம்.

ஜாவாவுக்கு அதிகாரபூர்வமான ஷெல் நெடுங்காலம் இல்லை. 2017 செப்டம்பரில் வெளியான ஜாவா 9 உடன் ஜேஷெல் வந்தது. ஜேஷெல் இயல்பாக, பயனரின் வரிகளைத் தான் இயங்கும் இயந்திரத்திலேயே இயக்குவதில்லை. அதற்கென மற்றொரு ஜாவா இயந்திரத்தைத் தொடங்கி, அங்கே இயக்குகிறது. பயனர் தவறுதலாக முடிவிலாச் சுற்று ஒன்றை எழுதினாலும் ஷெல் பிழைத்துக்கொள்வதற்கான ஏற்பாடு இது. ஆகவே அதற்கு ஒரு தெரிவைக் கொடுக்கும்போது அது யாருக்கு என்றும் சொல்ல வேண்டியுள்ளது. ஜே என்ற முன்னொட்டு ஷெல் கருவிக்கும், சி தொகுப்பிக்கும், ஆர் வரிகளை இயக்கும் இயந்திரத்திற்கும் உரியவை. நினைவக அளவை ஜே முன்னொட்டுடன் கூட்டிவிட்டு, தன் நிரலுக்கு நினைவகம் போதவில்லையே என்று வியப்பவர் உண்டு.

தவறான ஷெல் தரும் தவறான விடை

ஷெல் திட்டத்தின் சூழலை முழுமையாகப் பெறாவிட்டால், ஒரு வகுப்பைக் காணவில்லை என்ற பிழை வரும். இது பெரிய தீங்கன்று. பிழை கண்ணுக்குத் தெரிகிறது. ஷெல் ஏறத்தாழச் சரியான சூழலைப் பெற்று, பிழையின்றி இயங்கி, திட்டம் தராத விடையைத் தருவதே உண்மையான தீங்கு ஆகும்.

தமிழ்க் கோப்புகளைக் கையாள்வோர் எளிதில் சந்திக்கக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காணலாம். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்த ஒரு கோப்பில் "அம்மா" என்ற ஒரே சொல் இருப்பதாகக் கொள்வோம். யூனிகோடில் இச்சொல் ஐந்து குறியீடுகளால் ஆனது: அ, ம, புள்ளி, ம, கால். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 இல் மூன்று பைட்டுகள் எடுக்கும் என்பதால் கோப்பில் 15 பைட்டுகள் இருக்கும். குறியாக்கம் எதையும் குறிப்பிடாமல், ஜாவாவின் ஃபைல்ரீடர் வகுப்பைக் கொண்டு அவ்வரியை வாசித்து அதன் நீளத்தைக் கேட்டால் என்ன விடை வரும்?

2022 மார்ச்சில் வெளியான ஜாவா 18 முதல், கொடாநிலைக் குறியாக்கம் எல்லா இயக்குதளங்களிலும் யுடிஎஃப்-8 ஆகும். எனவே விடை 5. அதற்கு முந்தைய பதிப்புகளில் கொடாநிலைக் குறியாக்கம் இயக்குதளத்தைப் பொறுத்தது. மேற்கு ஐரோப்பியக் குறியாக்கம் கொண்ட ஆங்கில விண்டோஸ் கணினியில் ஒவ்வொரு பைட்டும் தனி எழுத்தாகக் கொள்ளப்படும். அங்கே விடை 15.

ஒரு திட்டம் ஜாவா 11 இல் இயங்குகிறது என்றும், நிரலரின் கணினியில் பொதுவாக நிறுவியிருப்பது ஜாவா 21 என்றும் வைத்துக்கொள்வோம். அவர் முனையத்தில் ஜேஷெல் எனத் தட்டச்சிட்டால் ஜாவா 21 இன் ஷெல்லே திறக்கும். திட்டத்தின் எல்லா ஜார் கோப்புகளையும் அவர் சரியாகக் கொடுத்திருக்கலாம். இருந்தும், ஷெல் 5 என்று சொல்லும். பயனரிடம் சென்ற நிரல் பெயர்களைச் சிதைத்துக் காட்டும். ஷெல்லில் சோதித்துப் பார்த்த நம்பிக்கையில் அவர் பிழையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். ஷெல் இல்லாதிருந்தால் இவ்வளவு நேரம் வீணாகியிராது.

கட்டுமானக் கருவிக்கு எந்த ஜாவாப் பதிப்பு என்பதும் தெரியும். கிரேடில் 2020 இல் வெளியான 6.7 பதிப்பு முதல், திட்டத்திற்குரிய ஜாவாப் பதிப்பைத் தனியே அறிவிக்கும் வசதியைக் கொண்டுள்ளது. ஆகவே ஷெல்லுக்கு நிரலகங்களை மட்டும் ஈந்தால் போதாது. எந்த ஜாவா, எந்த இயக்கத் தெரிவுகள், எந்தச் சூழல் மாறிகள், எந்த அடைவிலிருந்து தொடக்கம் என்பனவும் அதே மூலத்திலிருந்து வர வேண்டும்.

கிரேடிலில் ஷெல்லைச் சேர்த்தல்

கிரேடிலின் ஜாவாச் செருகுநிரல் ஷெல் எதையும் தருவதில்லை. கிரேடிலின் கட்டுமானக் கோப்பு குரூவி அல்லது கோட்லின் மொழியில் எழுதப்படுவதால், ஷெல்லைத் தொடங்கும் ஒரு பணியை நிரலரே எழுதிக்கொள்ளலாம். ஒரு ஜாவா நிரலை இயக்குவதற்கான ஜாவாஎக்ஸெக் என்ற பணிவகை ஏற்கெனவே உள்ளது. முதன்மை வகுப்பாக ஷெல்லின் வகுப்பையும், வகுப்புத் தடமாகத் திட்டத்தின் இயக்கத் தடத்தையும் கொடுத்தால் வேலை முடிந்தது போலத் தோன்றும். இயக்கிப் பார்த்தால் ஷெல் திறந்து, ஒரு வரியும் கேட்காமல் உடனே மூடிக்கொள்ளும்.

இப்பணிவகையில் நியம உள்ளீடு கொடாநிலையில் வெறுமையாக இருப்பதே இதற்குக் காரணம். ஷெல் முதல் வரியை வாசிக்க முயலும்போதே கோப்பின் முடிவை அடைந்துவிடுகிறது. பயனர் விடைபெற்றார் என்று கருதி அது முறைப்படி வெளியேறுகிறது. நியம உள்ளீட்டைக் கிரேடிலின் உள்ளீட்டுடன் இணைக்கும் ஒரு வரியைச் சேர்த்தால் ஷெல் நிலைத்து நிற்கும்.

ஆயினும் அடுத்த சிக்கல் உடனே தலைகாட்டுகிறது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தைய வரி வருவதில்லை. விசித்திரமான குறிகள் தோன்றுகின்றன. தத்தல் விசை பெயர்களை நிறைவு செய்வதில்லை. தூண்டுகுறியின் மேல் கிரேடிலின் முன்னேற்றப் பட்டை வந்து எழுதுகிறது. இதனைப் புரிந்துகொள்ளக் கிரேடில் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிய வேண்டும்.

பயனர் முனையத்தில் தொடங்கும் கிரேடில் ஒரு சிறு தூதுவன் மட்டுமே. உண்மையான வேலை, பின்னணியில் நிலைத்திருக்கும் டீமன் எனப்படும் மற்றொரு செயல்முறையில் நடக்கிறது. 2016 இல் வெளியான கிரேடில் 3.0 முதல் இதுவே கொடாநிலை. ஒவ்வொரு முறையும் ஜாவா இயந்திரத்தைப் புதிதாகத் தொடங்கும் நேரத்தை இது மிச்சப்படுத்துகிறது. ஜாவாஎக்ஸெக் தொடங்கும் ஷெல், டீமனின் குழந்தைச் செயல்முறை. முனையம் தூதுவனிடம் இருக்கிறது, டீமனிடம் இல்லை. பயனர் தட்டச்சிடுவதைத் தூதுவன் வரி வரியாக டீமனுக்கு அனுப்ப, டீமன் அதனை ஒரு குழாய் வழியே ஷெல்லுக்கு ஊற்றுகிறது. ஒவ்வொரு விசையையும் அழுத்திய கணமே அறிந்தால்தான் அம்புக்குறிக்கும் தத்தலுக்கும் ஷெல் விடை தர முடியும். வரி முடிந்த பின்னர் வந்து சேரும் குழாயில் அது இயலாது.

டீமன் வேண்டாம் என்று கட்டளையில் குறிப்பிடுவதும் முழுத் தீர்வாகாது. திட்டத்தின் அமைப்புக் கோப்பு வேறு நினைவக அளவைக் கேட்டிருந்தால், கிரேடில் அந்த ஓர் இயக்கத்திற்கு மட்டுமாக ஒரு டீமனைத் தொடங்கிக்கொள்கிறது. முன்னேற்றப் பட்டையை மட்டும், எளிய முனைய வெளியீட்டைக் கேட்கும் தெரிவினால் அடக்கிவிடலாம். வரித் திருத்தம் இல்லாமல் ஷெல்லைப் பயன்படுத்துவது இயலும். ஆனால் ஒரு மணி நேரம் அவ்வாறு பயன்படுத்தியவர் மறுநாள் அதனைத் திறப்பது ஐயமே.

ஆகவே அனுபவமுள்ளோர் பெரும்பாலும் வேறு வழியை நாடுகின்றனர். ஷெல்லைத் தொடங்கும் பொறுப்பைக் கிரேடிலிடம் கொடுப்பதில்லை. வகுப்புத் தடத்தை ஒரு வரியாக அச்சிடும் பணி ஒன்றை மட்டும் எழுதுகின்றனர். சிறு ஷெல் நிரல் ஒன்று அப்பணியை அமைதி நிலையில் இயக்கி, கிடைத்த வரியை ஜேஷெல்லின் வகுப்புத் தடத் தெரிவுக்குக் கொடுத்து, ஜேஷெல்லை நேரடியாக முனையத்தில் தொடங்குகிறது. கிரேடில் அதற்குள் ஒதுங்கிவிட்டதால் முனையம் முழுமையாக ஷெல்லுக்குக் கிடைக்கிறது.

இம்முறையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. தடத்தை அச்சிடும் பணி, தொகுக்கும் பணியைச் சார்ந்தது என்று வெளிப்படையாக அறிவிக்கப்பட வேண்டும். ஜாவாஎக்ஸெக் பணிக்குத் தடத்தைக் கொடுக்கும்போது இச்சார்பு தானாகவே உருவாகும். வெறும் எழுத்துச்சரமாக அச்சிடும்போது உருவாகாது. அறிவிக்க மறந்தால் தடம் சரியாக அச்சாகும். ஆனால் அது சுட்டும் அடைவில் நேற்றைய வகுப்புகள் இருக்கும், அல்லது ஒன்றும் இராது. தடத்தின் உறுப்புகளைப் பிரிக்கும் குறி யூனிக்ஸ் வகை இயக்குதளங்களில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி என்பதையும் மறக்கலாகாது. விண்டோஸின் கட்டளைச் சாளரம் ஒரு வரியில் 8,191 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது. நூறு ஜார் கோப்புகளின் முழுப் பாதைகள் இவ்வெல்லையை எளிதில் மீறும். ஜேஷெல் தன் தடத்தைச் சூழல் மாறியிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் என்பதால் அவ்வழியாகக் கொடுக்கலாம். மேற்சொன்ன தமிழ்க் கோப்புச் சிக்கல் வராதிருக்க, எந்த ஜாவாவின் ஜேஷெல் என்பதையும் அதே பணி அச்சிட வேண்டும். திட்டம் ஜாவா 8 இல் இருந்தால் ஜேஷெல்லே கிடையாது. அப்போது குரூவியின் ஷெல்லை நாடலாம்.

குரூவி ஷெல்லைச் சேர்ப்போர் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். கிரேடில் தன்னுள்ளேயே ஒரு குரூவிப் பதிப்பைக் கொண்டுள்ளது. அது கிரேடிலின் சொந்த உபயோகத்திற்கானது. திட்டம் வேறு குரூவிப் பதிப்பைப் பயன்படுத்தினால், ஷெல்லும் அப்பதிப்பினதாகவே இருக்க வேண்டும். மேலும் 2020 இல் வெளியான குரூவி 3.0 இல் ஷெல்லின் முதன்மை வகுப்பு வேறு பொதிக்கு மாறிவிட்டதால், பழைய வழிகாட்டிகளில் உள்ள வகுப்புப் பெயர் வேலை செய்யாது. ஷெல்லுக்கு வேண்டிய ஜார் கோப்புகளைத் திட்டத்தின் சார்புகளுடன் கலவாமல் தனிச் சார்புத் தொகுதியாக அறிவிப்பது நன்று. கலந்துவிட்டால் வெளியீட்டுப் பொதியிலும் ஷெல் போய்ச் சேரும்.

மேவன் இவ்வகையில் எளியது. அது வழக்கமாகப் பயனரின் முனையத்தோடு நேரடியாக இணைந்த ஒரே செயல்முறையில் இயங்குகிறது. ஆகவே ஸ்காலாவுக்கும் குரூவிக்கும் உள்ள மேவன் செருகுநிரல்கள் ஷெல்லைத் தொடங்கும் கட்டளையை நீண்ட காலமாகவே தந்து வருகின்றன.

எஸ்பிடி

2008 இல் மார்க் ஹாரா தொடங்கிய எஸ்பிடி, பெயரளவில் எளிய கட்டுமானக் கருவி என்பதன் சுருக்கமாகத் தோன்றியது. இக்கருவியே ஓர் ஊடாடு முகப்பாக இயங்குவதால், அதனுள் மொழி ஷெல்லைத் திறப்பது இயல்பாகவே அமைந்தது. கருவியின் தூண்டுகுறியில் கன்சோல் எனத் தட்டச்சிட்டால், திட்டம் தொகுக்கப்பட்டு, ஸ்காலாவின் தூண்டுகுறி தோன்றும். வெளியேறினால் மீண்டும் எஸ்பிடியின் தூண்டுகுறி.

இதில் மூன்று வேறுபாடுகள் உண்டு. கன்சோல் என்பது திட்டத்தின் வகுப்புகளையும் சார்புகளையும் தருகிறது. கன்சோல்குவிக் என்பது சார்பு நிரலகங்களை மட்டும் தருகிறது. திட்டத்தின் மூல நிரலைத் தொகுப்பதில்லை. தேவையற்றது போலத் தோன்றும் இக்கட்டளையின் அருமை, திட்டம் தொகுக்க முடியாத நிலையில் உடைந்து கிடக்கும்போது விளங்கும். அப்போது கன்சோல் திறக்க மறுக்கும். ஒரு நிரலகத்தின் செயற்கூறு எவ்வாறு நடந்துகொள்கிறது என்று பார்த்தால்தான் உடைந்ததைச் சரிசெய்ய முடியும் என்ற நிலையில், கன்சோல்குவிக் கைகொடுக்கிறது. மூன்றாவதான கன்சோல்புராஜெக்ட், கட்டுமான வரையறையையே ஷெல்லுக்குள் கொண்டுவருகிறது. ஒரு அமைப்பின் மதிப்பு என்ன, ஏன் அவ்வாறு உள்ளது என்று கட்டுமானத்தையே கேள்வி கேட்கலாம். ஷெல் திறந்தவுடன் இயங்க வேண்டிய வரிகளைக் கட்டுமானக் கோப்பிலேயே எழுதிவைக்கும் வசதியும் உண்டு. வழக்கமான இறக்குமதி வரிகளை நாள்தோறும் தட்டச்சிடும் வேலையை இது நீக்குகிறது.

எஸ்பிடியின் 1 தொடரில் கன்சோல், எஸ்பிடி இயங்கும் அதே ஜாவா இயந்திரத்துள் இயங்குகிறது. எஸ்பிடி ஒரு ஸ்காலாப் பதிப்பிலும் திட்டம் வேறொரு பதிப்பிலும் இருக்கலாம் என்பதால், திட்டத்தின் தொகுப்பியும் நிரலகங்களும் தனி வகுப்பேற்றி மூலம் பிரித்து ஏற்றப்படுகின்றன. திறக்கும் வேகம் இதனால் கிடைக்கும் ஆதாயம். விலையும் உண்டு. திட்டத்திற்கென அறிவித்த ஜாவா இயக்கத் தெரிவுகள் கன்சோலுக்குப் பொருந்தா. எஸ்பிடி எந்தத் தெரிவுகளுடன் தொடங்கியதோ அவையே பொருந்தும். வரியைத் திருத்த உதவும் நிரலகத்தை எஸ்பிடியும் ஸ்காலாவின் ஷெல்லும் ஒரே முனையத்தில் பயன்படுத்துவதால், பழைய பதிப்புகளில் கன்சோலை விட்டு வெளியேறிய பின் தட்டச்சிடும் எழுத்துகள் திரையில் தெரியாமற் போவதுண்டு. முனையத்தை மீளமைக்கும் கட்டளையைக் கண்ணை மூடியவாறே தட்டச்சிடப் பலர் இதன் மூலமே கற்றனர்.

லைனிங்கனும் சாக்கெட் வழியும்

2009 இல் ஃபில் ஹேகல்பர்க் உருவாக்கிய லைனிங்கனின் பெயர், அமேசான் காட்டில் எறும்புப் படையோடு போராடும் தோட்டக்காரனைப் பற்றிய கார்ல் ஸ்டீபன்சனின் சிறுகதையிலிருந்து எடுக்கப்பட்டது. ஆன்ட் என்ற கருவியின் பெயருக்கு எறும்பு என்பது பொருளாதலால், குறும்பு விளங்கும்.

குளோஜர் நிரலர்கள் நாள் முழுவதும் ஷெல்லுடனேயே வாழ்பவர்கள். ஆகவே மேற்கண்ட முனையச் சிக்கலை லைனிங்கன் வேரிலேயே தவிர்த்தது. அது திட்டத்திற்கெனத் தனி ஜாவா இயந்திரத்தைத் தொடங்கி, அதனுள் என்ரெப்ல் என்ற சேவையகத்தை இயக்குகிறது. முனையத்தில் பயனரோடு பேசுவது லைனிங்கனின் இயந்திரத்தில் உள்ள வாங்கி. இரண்டுக்கும் இடையே சாக்கெட் வழியாகச் செய்திகள் மட்டுமே செல்கின்றன. வரித் திருத்தம் முனையத்தின் பக்கமே நடந்துவிடுகிறது. திட்டத்தின் நிரலகங்களும் கருவியின் நிரலகங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. போர்ட் எண் திட்ட அடைவில் ஒரு கோப்பில் எழுதப்படுவதால், ஈமாக்ஸ் போன்ற தொகுப்பான்கள் அதே ஷெல்லில் வந்து இணைந்து, நிரலர் எழுதும் செயற்கூற்றை இயங்கிக்கொண்டிருக்கும் நிரலுக்குள்ளேயே செலுத்த முடிகிறது.

இவ்வசதியில் ஆபத்தும் அடங்கியுள்ளது. அந்தப் போர்ட்டை அடையக்கூடிய எவரும், அந்தப் பயனரின் உரிமையுடன் எந்த நிரலையும் இயக்கலாம். எனவே கொடாநிலையில் சேவையகம் அதே கணினிக்குள்ளிருந்து வரும் இணைப்புகளை மட்டும் ஏற்கிறது. வசதி கருதி இதனை வெளி வலையமைப்புக்குத் திறந்துவிடுதல் கூடாது.

பிற மொழிகளில்

ஹாஸ்கெல் மொழியில் கேபல் கருவி 2013 இல் வெளியான 1.18 பதிப்பில் ரெப்ல் கட்டளையைப் பெற்றது. ஜிஎச்சி தொகுப்பியின் ஊடாடு வடிவத்தை, கேபல் தீர்மானித்த அதே நிரலகப் பதிப்புகளுடனும், திட்டக் கோப்பில் அறிவித்த அதே மொழி நீட்சிகளுடனும் அது தொடங்குகிறது. மொழி நீட்சிகளும் சேர்ந்து வருவது முக்கியம்; ஒரே வரி, ஒரு நீட்சி இருக்கையில் ஒரு வகையிலும், இல்லாதபோது வேறு வகையிலும் பொருள் கொள்ளப்படலாம்.

எலிக்சர் மொழியில் திசை தலைகீழாக உள்ளது. கட்டுமானக் கருவி ஷெல்லைத் தொடங்குவதில்லை. ஐஇஎக்ஸ் என்ற ஷெல், மிக்ஸ் என்ற கட்டுமானக் கருவியைத் தன்னுள் இயக்கிக்கொள்கிறது. முனையம் முதலிலிருந்தே ஷெல்லிடம் இருப்பதால் உள்ளீட்டுச் சிக்கல் எழுவதே இல்லை. மிக்ஸ் திட்டத்தைத் தொகுத்து, வகுப்புகளை மட்டும் தந்து நின்றுவிடாமல், பயன்பாட்டையே தொடக்கிவிடுகிறது. தரவுத்தள இணைப்பும் பின்னணிப் பணிகளும் உயிர்பெற்றுவிடும். இது பெரும் வசதி. உற்பத்திச் சூழலின் அமைப்புகளுடன் தவறுதலாகத் திறந்தவருக்கு இதுவே பெரும் ஆபத்து. பயன்பாட்டைத் தொடக்காமல் திறப்பதற்கான தெரிவும் உண்டு.

எல்லைகள்

சூழல் முழுமையாகப் பொருந்திய ஷெல்லிலும், திட்டத்தின் உள்ளிருந்து பார்ப்பது போன்ற பார்வை எப்போதும் கிடைப்பதில்லை. ஜேஷெல், பயனரின் வரிகளை ரெப்ல் என்ற பொதிக்குள் உள்ள வகுப்புகளாகச் சுற்றிக்கொள்கிறது. ஆகவே பொதிக்குள் மட்டும் தெரியுமாறு அறிவித்த வகுப்புகளை அது அணுக முடியாது. பொதிப் பெயரே இல்லாத வகுப்புகளையும் அணுக முடியாது. கல்லூரிப் பயிற்சிகளில் மாணவர்கள் பெரும்பாலும் பொதிப் பெயர் இன்றியே வகுப்புகளை எழுதுவதால், தடம் சரியாக இருந்தும் வகுப்பு கிடைக்கவில்லை என்ற புதிர் அவர்களுக்கே முதலில் நேரும். ஜிஎச்சியின் ஷெல் இதில் தாராளமானது. மூல நிரலிலிருந்து நேரடியாக ஏற்றிய கூறு ஒன்றில், வெளியே ஏற்றுமதி செய்யாத பெயர்களையும் அது காட்டும்.

மற்றோர் எல்லை பழமை. ஷெல் திறந்தபின் மூலக் கோப்பை மாற்றினால், ஷெல்லில் இருப்பது பழைய வகுப்பே. எஸ்பிடியில் கன்சோலை மூடி மீண்டும் திறக்க வேண்டும். அதுவரை வரையறுத்த மாறிகள் போய்விடும். கேபல் ரெப்லில் மீளேற்றும் கட்டளையும், ஐஇஎக்ஸில் மீண்டும் தொகுக்கும் செயற்கூறும் உள்ளன. குளோஜரில் ஒரு செயற்கூற்றை மட்டும் மாற்றலாம். ஆனால் மூலக் கோப்பிலிருந்து நீக்கிய செயற்கூறு ஷெல்லில் தொடர்ந்து உயிருடன் இருக்கும். அதனை அழைக்கும் நிரல் ஷெல்லில் இயங்கி, புதிதாகத் தொகுக்கும்போது உடையும். இதனால் குளோஜர் நிரலர்கள் பணியை ஒப்படைக்கும் முன் ஷெல்லை மூடி, சோதனைகளைப் புதிய இயந்திரத்தில் ஒருமுறை இயக்குவதை வழக்கமாகக் கொண்டுள்ளனர்.

ஒரே இயந்திரத்துள் இயங்கும் ஷெல்லில், சோதிக்கும் நிரல் வெளியேறு என்று கட்டளையிட்டால் கட்டுமானக் கருவியும் சேர்ந்து மூடிவிடும். எஸ்பிடி தன் இயந்திரத்துள் இயக்கும் நிரல்களுக்கு ஜாவாவின் பாதுகாப்பு மேலாளர் என்ற வசதியைக் கொண்டு இக்கட்டளையை இடைமறித்து வந்தது. அவ்வசதி 2021 இல் ஜாவா 17 இல் கைவிடத்தக்கதென அறிவிக்கப்பட்டு, 2025 மார்ச்சில் வெளியான ஜாவா 24 இல் நிரந்தரமாக முடக்கப்பட்டது. தனிச் செயல்முறையில் ஷெல்லை இயக்கும் கருவிகளை இம்மாற்றம் தொடவில்லை.